கடைசி வரிசை

போதகர் ஆஸ்பத்திரி லாண்டரிக்கே தேடி வந்திருக்கிறார் என்றதும் ஏதோ கெட்ட செய்தி என்றுதான் அவள் நினைத்தாள். இஸ்திரி மெஷினில் ஈரப் போர்வையை நுழைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "சுருக்கம் விழாம பாத்து விடு, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். அழுக்குத் துணி வண்டிகள் வரிசையாக நிற்கும் நடைபாதையில், மூக்கைப் பொத்தவும் கூச்சம், பொத்தாமல் நிற்கவும் கஷ்டம் என்று போதகர் நெளிந்துகொண்டிருந்தார். அவளுடைய மகளைவிட ஓரிரு வயது சின்னவராக இருப்பார்.

"ஸ்தோத்திரம்மா."

"ஸ்தோத்திரம். இந்தத் தடவை எதை மாத்தப் போறீங்க பாஸ்டர்?"

அவர் சிரித்தார். வழக்கமான சிரிப்பாக இல்லை.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பாட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டுத் திரையில் வரிகளைப் போடலாம் என்று சபைக் கமிட்டி முடிவெடுத்தபோது எழுந்து நின்று எதிர்த்தது அவள் ஒருத்திதான். டிரம்ஸ் வந்தபோது ஆராதனை முடியும்வரை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், அதுவும் எல்லோருக்கும் தெரியும்படி. மர பெஞ்சுகள் போய் மெத்தை வைத்த நாற்காலிகள் வந்தன. "தூங்கறவங்களுக்கு வசதிதான்" என்றாள். ஆராதனையை நேரலையில் விட ஆரம்பித்ததும், "பிரசங்கத்தைப் படுத்துக்கிட்டே கேக்கலாம். பரலோகத்துக்கும் அப்படியே படுத்துக்கிட்டே போயிடலாமா?" என்று கேட்டாள். சபை வாலிபர்கள் அவளுக்குப் 'பழைய ஏற்பாடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்துசேர்ந்தது. கோபம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உலகம் தினத்துக்கு ஒரு சட்டை மாற்றிக்கொண்டு திரியட்டும், சத்தியம் சட்டை மாற்றாது என்பது அவள் கட்சி.

"கடைசி வரிசையில கதவோரமா ஒருத்தர் உக்காருவார்மா. கொஞ்ச நாளா வர்றார். பாத்திருப்பீங்க."

"நான் சபையில திரும்பிப் பாக்கறதில்லை."

"அவர் உங்களைப் பாத்திருக்கார். போன வாரம் நீங்க ஜெபம் பண்ண முன்னால வந்தீங்கல்ல? அன்னிக்கு எல்லாரும் போன பிறகு என்கிட்ட வந்து, இனிமே நான் வரலைன்னார். ஏன்னு கேட்டேன்." போதகர் துணி வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "உங்களைக் கோர்ட்டுல பாத்த ஞாபகம்னு சொன்னார்."

அதற்கு மேல் அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் அவள் கோர்ட்டுக்குப் போனது ஒரே ஒரு வழக்குக்குத்தான். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகும் வழியில், பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் சாலையைக் கடந்தான். அவன் எப்போதும் அப்படித்தான், காலியான சாலையிலும் விளக்குக்காக நிற்கிற ஆள். டெலிவரி வேன் ஓட்டிவந்தவன் போனில் வந்த செய்தியைப் படித்துக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கையும் பார்க்கவில்லை, மனிதனையும் பார்க்கவில்லை. விசாரணை நடந்த நாட்களில் அந்த டிரைவரின் பிடரியைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையைத் தூக்கி அவள் பார்த்ததேயில்லை. பிறகு அவனை உள்ளே போட்டார்கள். உள்ளே போனவன் ஒருநாள் வெளியே வருவான் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. அதிலும் வந்து தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடுவான் என்று எப்படி நினைப்பாள்?

"ஜெயில்ல ஊழியம் பண்றவங்க மூலமா விசுவாசத்துக்கு வந்திருக்கார்" என்றார் போதகர். "நீங்க இருக்கறது தெரியாமதான் நம்ம சபைக்கு வந்திருக்கார். இதுல உங்க மனசுதான் முக்கியம்மா. மன்னிப்புங்கறது ஒரே நாள்ல வர்ற விஷயம் இல்ல. முன்ன மாதிரி, வசனத்தைச் சொல்லி யாரையும் நெருக்கக்கூடாதுன்னு இப்ப எல்லாரும் ஒத்துக்கறாங்க. அவரை சாயந்திர ஆராதனைக்கு வரச் சொல்லிடலாமா? நீங்க பாக்கவே வேண்டியிருக்காது."

அவள் வாயைத் திறந்தபோது அவளுக்கே தன் குரல் லேசாக ஒலித்தது. "அப்படியே பண்ணிடுங்க பாஸ்டர்."

உள்ளே திரும்பி வந்து போர்வை மடிக்க நின்றாள். அந்த வேலையை அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். அன்று எதிர்முனையைப் பிடித்திருந்த பெண், "அக்கா, உல்டாவா மடிக்கறீங்க" என்று சொல்லும்படி ஆயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் கதவோர நாற்காலி காலியாக இருந்தது. திரும்பிப் பார்க்காத வழக்கத்தை அன்று விட்டுவிட்டு, பையை எடுப்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டாள். நிம்மதியாக இருந்தது. பிரசங்கம் நன்றாக இருந்தது. டிரம்ஸ்கூட அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது. ஆனால் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, மன்னிப்பைக் கேட்கிற இடம் வந்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்குத் தீங்கு செய்தவனை நான் மன்னிப்பதுபோல என்னையும் மன்னியும் என்று கேட்கிற வரி. பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லிவருகிற வரி. அதில் இவ்வளவு பெரிய 'போல' இருப்பதை அவள் இதுவரை கவனித்ததில்லை. சுற்றியிருந்தவர்கள் சொல்லி முடித்து அடுத்த வரிக்குப் போனதும் அவளும் போய்ச் சேர்ந்துகொண்டாள். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. ரயிலில் ஒரு ஸ்டேஷனில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிற மாதிரி.

சனிக்கிழமை மகள் வந்தாள். கல்யாணமான பிறகு மகள் வருவது எப்போதும் ஒரே மாதிரிதான். கணவன் கீழே காரில் காத்திருப்பான். மகள் மட்டும் மேலே வந்து, பழங்களை அடுக்கிவைத்துவிட்டு, அம்மாவின் மருந்துகளைச் சரிபார்த்துவிட்டுப் போவாள். அவன் மேலே வராததற்குக் காரணம் அவன் இல்லை. மகள் வேற்று மதத்தவனைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்றபோது, விசுவாசியும் அவிசுவாசியும் ஒரே நுகத்தில் இணையக்கூடாது என்கிற வசனத்தை அம்மா எடுத்துக் காட்டினாள். மகள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று அம்மா லாண்டரியில் வழக்கம்போல் வேலை பார்த்தாள். லீவுகூடப் போடவில்லை.

டிரைவர் விஷயத்தைச் சொன்னதும் மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அவனா? அப்பாவைக் கொன்னவனா? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க வந்து உக்காந்தான்?"

"இப்ப வர்றதில்லை. சாயந்திர ஆராதனைக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"நல்ல வேலை பண்ணாங்க."

"நான்தான் சரின்னு சொன்னேன்." அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். "நான் சொன்னது தப்பில்லைல்ல?"

மகள் பழம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். தப்பில்லை என்று உடனே சொல்லிவிடுவாள் என்று அம்மா எதிர்பார்த்தாள். அதற்காகத்தான் கேட்டதே.

"நீ என்கிட்ட கேக்கறியா?" என்றாள் மகள். "அம்மா, நான் இதையெல்லாம் நம்பறதை விட்டு எவ்வளவோ காலம் ஆச்சு. அதனால அவனை வெறுக்க எனக்கு உரிமை இருக்கு. சாகற வரைக்கும் வெறுப்பேன், யாரும் என்னைக் கேக்க முடியாது. உனக்கு அந்த உரிமை இல்லையே. எதிரியை நேசின்னு உன்கிட்டதானே சொல்லியிருக்கு?"

"பாஸ்டரே சொல்றாரு, நேரம் எடுத்துக்கலாம்னு. காலம் முன்ன மாதிரி இல்லையாம்."

"ஓகோ. காலம் மாறிடுச்சா?" மகளின் குரலில் கேலி இருந்திருந்தால் அம்மா எதிர்த்துப் பேசியிருப்பாள். கேலி இல்லை. ரொம்பக் களைத்த குரலாக இருந்தது. "என் கல்யாணத்தப்ப மாறலையே."

"அது வசனம்டி."

"இது?"

தட்டில் நறுக்கிய பழம் அப்படியே இருந்தது. கீழே கார் ஹாரன் ஒருமுறை மெல்லக் கேட்டது. அவசரப்படுத்துகிற ஹாரன் இல்லை, இருக்கிறேன் என்று சொல்கிற ஹாரன். மகள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க அம்மாவுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. திரை, டிரம்ஸ், நாற்காலி என்று இவ்வளவு காலம் தான் காவல் நின்றதெல்லாம் எதற்கு என்று யோசித்தாள். அவற்றை மாற்றியதால் அவளுக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. மாறாத ஒன்று நிஜமாகவே வாசலில் வந்து நின்றபோது, கொஞ்சம் மாற்றிக்கொடுங்கள் என்று முதலில் கேட்டவள் அவளேதான். இல்லை, கேட்கக்கூட இல்லை. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். மகளுக்குக் காட்டிய வசனத்தில் ஓர் எழுத்தைக்கூட விட்டுத்தரவில்லை. அதை விட்டுத்தராததில் தனக்கு ஒரு வலியும் இல்லையே என்பது இப்போதுதான் உறைத்தது. இல்லை, வலி இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாததைத்தான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து நேராகப் போதகரின் அறைக்குப் போனாள்.

"அந்த ஆள் சாயந்திரம் வர்றானா?"

போதகர் தயங்கினார். "இல்லம்மா. டிப்போவுல பஸ் கழுவற வேலை. சாயந்திரம்தான் ஷிஃப்ட். முடிஞ்சா வர்றேன்னார். வர முடியலை."

"அப்ப எங்க போறான்?"

"எங்கேயும் போறதில்லை. போன்ல நேரலை வருதே, அதைப் பாக்கலாமேன்னு சொன்னேன்." அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவர் போன் வெச்சுக்கறதில்லைன்னு சொன்னார்."

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"காலையில வரச் சொல்லுங்க" என்றாள்.

போதகரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மன்னிச்சிட்டீங்களாம்மா?"

"இல்லை."

"அப்புறம்..."

"என்னால முடியலை பாஸ்டர். முயற்சி பண்ணிப் பாத்தேன். அவன் பிடரிதான் கண்ணு முன்னால வருது. ஆனா வாசலுக்கு வந்தவனைத் திருப்பி அனுப்ப அது என் வீடா? என் வீட்டு வாசல்லயே..." அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "என் மனசு ஆறற வரைக்கும் வேதத்தை நிறுத்தி வெக்க முடியாது. வரச் சொல்லுங்க."

மகளிடம் போனில் சொன்னாள். "நானும் வர்றேன்" என்றாள் மகள். "ஜெபம் பண்ண இல்ல. அவன் மூஞ்சியைப் பாக்கணும்."

"வா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. கார்ல உக்கார வெக்காதே."

அவனை மாப்பிள்ளை என்று அவள் சொன்னது அதுவே முதல் தடவை.

அது, இயேசுவின் நினைவாகத் திராட்சை ரசம் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து நடக்கிற ஞாயிறு. அவள் வழக்கம்போல் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கும் அவசியம் இருக்கவில்லை. பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று முதுகுக்கே தெரிந்தது. மகளும் மருமகனும் கடைசி வரிசையில் நடைவழியின் இந்தப் பக்கம். மருமகன் பல் டாக்டரிடம் காத்திருப்பவனைப்போல் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் கதவோரம் டிரைவர். நரைத்திருந்தான். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தான்.

திருவிருந்துப் பாட்டின் நடுவில் அவள் எழுந்தாள். கழிவறைக்குப் போகிறாள் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் கால்களை ஒதுக்கினார்கள். அவள் நடைவழியாகக் கடைசிவரை நடந்து, டிரைவர் இருந்த வரிசையில், நடைவழியோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. திரையில் வரிகள் மாறிக்கொண்டிருந்தன. அவற்றைப் பாடிக்கொண்டிருந்த குரல்கள் குறைந்தன.

டிரைவர் பாதி எழுந்துவிட்டான். "நான் வெளிய போயிடறேம்மா."

"உக்காருங்க" என்றாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

அவன் உட்கார்ந்தான்.

சின்னச் சின்னக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டு கதவுப் பக்கமிருந்து வந்தது. ஊழியர் அதை டிரைவரின் கையில் கொடுத்துவிட்டு முன் வரிசைக்குப் போய்விட்டார். ஒரு கையால் தட்டைப் பிடித்து மறு கையால் கிண்ணத்தை எடுக்க அவனால் ஆகவில்லை. கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதி மெல்லிய ஓசை எழுப்பின. அவள் சற்று நேரம் எதிரே இருந்த நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நடுவிலிருந்த நாற்காலிக்கு நகர்ந்து, தட்டின் அடியில் தன் இரண்டு கைகளையும் கொடுத்தாள். ஓசை நின்றது. அவன் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டான். அப்போது அவன் முகத்தை முதல்முறையாக அருகில் பார்த்தாள். அவள் நினைவில் வைத்திருந்த முகமாக அது இல்லை. பார்க்கப்போனால், அவள் நினைவில் முகமே இருந்ததில்லை.

மனத்தாங்கலோடு திருவிருந்து எடுக்கக்கூடாது என்பதில் அவளுக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை. இப்போதும் இல்லை. தட்டில் நிறையக் கிண்ணங்கள் மிச்சமிருந்தன. அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. தட்டோடு எழுந்து நடைவழிப் பக்கமாகத் திரும்பி, அதை எதிரே நீட்டினாள்.

எதிரே மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்கள் அம்மாவின் மேல் இருந்தன, டிரைவரின் மேல் இல்லை. வாங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கைகள் தாமாகவே உயர்ந்து தட்டை வாங்கிக்கொண்டன. அவள் குடிக்கவில்லை. யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்த கணவன் குனிந்து ஏதோ கேட்டான். அவள் தலையை மட்டும் அசைத்தாள். பாட்டு முடிந்து சபை அமைதியானது. மகள் தட்டை மடியில் வைக்காமல், ஒரு பக்கமும் சாயாமல், இரண்டு கைகளாலும் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிண்ணங்களில் சிவப்பு மெல்ல அசைந்து, ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தது.