கரிமண்ணில் பயறு

ஈஸ்டர் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஏலிக்குட்டிக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

முப்பத்தைந்து வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டிய குரியாச்சனுக்கு, ஓய்வு பெற்றதும் வளைவே இல்லாத ஓர் இடத்தில் குடியிருக்க ஆசை. மலைவீட்டை விற்றுவிட்டு, குட்டநாட்டில் முன்னும் பின்னும் தண்ணீர் ஓடும் ஒரு கரைமேல் வீடு வாங்கினார். மனைவி பிறந்த நாடாயிற்றே, மகிழ்ந்துபோவாள் என்று கணக்குப் போட்டார். அவளோ கல்யாணம் என்ற ஒரே கதவு வழியாக அங்கிருந்து தப்பித்தவள். மலையில் கால் நினைத்த பக்கம் நடந்தாள். இங்கே கடுகு தீர்ந்தாலும் படகு வர வேண்டும். கடைசிப் படகு போய்விட்டால் வீடு வெளியிலிருந்து பூட்டிய பெட்டிதான்.

ஒரு வருஷம் அழுதாள், சண்டை போட்டாள். நவம்பர் கடைசியில் ஒருநாள் படகுத்துறையில் குரியாச்சன் பொறுமை இழந்தார்.

"ஈஸ்டருக்குள்ள நம்ம முற்றத்துப் பயறுல தேங்கா துருவிப் போட்டு ஒரு தோரன் வைக்கலைன்னா வீட்டை வித்துட்டு மலையேறிடலாம்டி!"

"நாலு பேரு கேட்டுக்கிட்டிருக்காங்க, இச்சாயா."

"கேக்கட்டும். தினம் இருநூறு வளைவு ஓட்டினவன் பயறுக்கா பயப்படுவேன்?"

அவர் முறையில் ஒரு குறையும் இல்லை. ஆள் வைத்து வாய்க்காலின் அடியிலிருந்து கறுத்த களிமண் எடுத்தார். வேர் ஈரத்தில் அழுகாதிருக்க இடுப்புயரம் மேடு போட்டார். வெயிலில் காயவிட்டு உடைத்துச் சாணம் கலந்தார். மலைநாட்டில் கறுத்த மண் என்றால் கொழுத்த மண்.

இங்கே அப்படியில்லை. கரிமண் தண்ணீருக்கடியில் கிடக்கும்வரை சாது. அதற்குள் கந்தகம் தூங்குகிறது. வெளியே எடுத்துக் காயவைத்தால் வெடிப்பு வழியே காற்று நுழையும், கந்தகம் அமிலமாகும். கட்டியை உடைத்தால் வைக்கோல் நிறத்தில் கோடு தெரியும். ஊற்றிய நீர் வடிந்த குழியில் துருநிறப் படலம் மிதக்கும். நாக்கு நுனியில் வைத்தால் படிகாரம்போலச் சுருக்கும். அதில் இறங்கும் வேரின் நுனி கருகிவிடும். ஆக, 'இன்னும் நல்லாக் காயட்டும்' என்று அவர் காட்டிய அக்கறையெல்லாம் மண்ணை மேலும் புளிக்க வைத்தது.

அக்கம்பக்கத்தில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. இந்த மண்ணில் பிறந்த ஏலிக்குட்டி இருக்கிற வீட்டில் நாம் என்ன சொல்ல என்று இருந்துவிட்டார்கள்.

முதல் விதைப்பு நாலிலை விட்டு மஞ்சளித்துச் செத்தது. அடுத்தது இரண்டிலையிலேயே போயிற்று.

"ஸ்டியரிங் பிடிச்ச கைடி இது. ராசியில்லை" என்றார் குரியாச்சன், வாடிய நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு.

"கஞ்சி ஆறுது" என்றாள் அவள்.

ஈஸ்டருக்கு எட்டு வாரம் இருக்கையில், வாத்து மேய்க்கும் தங்கம்மா தோணியில் போகிறபோக்கில் கத்தினாள்.

"ஏலிச்சேச்சியே! மேட்டுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு போடலியா? உங்க அப்பன் வீட்டுல தோணி தோணியா இறக்குவாங்களே! மலையேறினதுல மண்ணே மறந்துபோச்சாக்கும்!"

குரியாச்சன் முகம் மலர்ந்தது. "கேட்டியாடி? சுண்ணாம்பு!" அடுத்த படகில் ஓடினார். மாலையில் இரண்டு மூட்டையோடு வந்து இறங்கினார்.

"எவ்வளவு போடணும்?"

குறைந்தால் புளிப்பு மிஞ்சும். கூடினாலும் கெடுதல்தான், இலை வெளுத்துச் செடி நிற்காது. இரண்டு பிடி கூட்டிச் சொன்னால் போதும், அவள் மலையேறிவிடலாம்.

"குழிக்கு மூணு பிடி" என்றாள். "அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தண்ணி ஊத்திப் புளிப்பை வடிக்கணும். போட்டப்புறம் ரெண்டு வாரம் ஆறணும். அதுவரைக்கும் நாத்து தேங்காய்ச் சிரட்டையில வளரட்டும்." பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிற மாதிரி, தானாக வந்துவிட்டது.

மூட்டை வாயைப் பிரித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"இவ்வளவும் உனக்கு எப்பலேர்ந்துடி தெரியும்?"

"பொறந்ததுலேர்ந்து."

அவர் செத்த நாற்றுகளைப் பார்த்தார். பிறகு அவளை.

"அவ்வளவு பிடிக்கலையா இங்க?"

"வேற என்ன சொல்லிக்கிட்டிருந்தேன் நான்?"

அவர் மூட்டையைத் திண்டில் சாய்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார்.

இரண்டு நாள் இறைத்து ஊற்றினார். படகுகள் வந்தன, போயின. மூன்றாம் நாள் காலை சுண்ணாம்பைத் தூவத் தொடங்கினார், மேலாக, கோலப்பொடி மாதிரி. பாதி காற்றோடு போயிற்று. மீதி மேலேயே கிடந்தால் அடிமண்ணின் புளிப்பு அப்படியே இருக்கும். ஒரு முழ ஆழத்துக்குக் கலந்தால்தான் சுண்ணாம்பு அதைத் தொடும். இன்னும் ஐந்து வரிசை அவர் இப்படியே தூவினால் போதும்.

சமையலறை வாசலில் நின்று ஒரு வரிசை பார்த்தாள். இரண்டாவதும் பார்த்தாள். மூன்றாவதில் இடுப்பு முண்டுத்துணியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

"தள்ளுங்க, இச்சாயா. மண்வெட்டியைக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் குனிந்து வெட்டினாள், ஆழமாக.