நிதானம் குடிவந்த பின்னறை

அம்மாவின் கையிலிருந்து நழுவிய தட்டுகள் தரைக்கு வந்து சேர அவசரம் காட்டவில்லை. பின்னறைக் கதவைக் காலால் தள்ளும்போது மொத்த அடுக்கும் சரிந்தது. அவள் "ஐயையோ" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, தட்டுகளை ஒவ்வொன்றாகக் காற்றிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். கடைசித் தட்டு அவள் முழங்கால் உயரத்தில் காத்துக்கொண்டிருந்தது. பிறகு சோதனைக்காக ஒரே ஒரு கரண்டியைப் போட்டுப் பார்த்தாள். அது ணங்கென்று உடனே விழுந்தது. ஆக, அந்த அறையில் ஒன்று விழுந்தால் விழுந்ததுதான்; பல சேர்ந்து விழுந்தால் நிதானம். மனிதர்களை அது ஒன்றும் செய்யவில்லை. "உன் ரூம்ல ஏதோ கோளாறுடா, ஆள விட்டுப் பாக்கச் சொல்லு" என்றாள் மகனிடம். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்த உடனேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அது அத்தானுடைய கேமிலிருந்து வந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், கடைத்தெருவில் காசு போட்டு ஆடும் கேம் மெஷின்கள் வைத்திருந்தார். ரிப்பேர் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் ஒரு விண்கப்பல் கேமைத் தானே எழுதி, பழைய மெஷின் ஒன்றில் ஏற்றிக் கடை வாசலோரம் நிறுத்தியிருந்தார். கீழே ஒரு சின்னக் கப்பல், மேலேயிருந்து குண்டு மழை, சுட்டுக்கொண்டே தப்ப வேண்டும், அவ்வளவுதான் கேம். ஐந்தாவது கட்டத்தில் திரை முழுக்கக் குண்டாகும்போது மெஷின் வேகம் குறைந்து இழுக்கும். "பாவம், மூச்சு வாங்குது" என்று ஆடுகிறவர்கள் சிரிப்பார்கள். அந்த மூச்சுக்குள் நுழைந்துதான் அக்கா தப்பிப்பாள். அக்கா கணக்கு டீச்சர், இடக்கைக்காரி. கல்யாணமான புதிதில் வந்த ஒரு காய்ச்சல் அந்தக் கையைச் சோம்பேறியாக்கிவிட்டுப் போயிருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்கும். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து ஓர் ஆட்டம் ஜெயித்துவிட்டால் போதும். "கை இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு மறுநாள் போர்டில் எழுதத் தைரியமாகப் போவாள்.

அந்த கேமை டிவியில் மாட்டி வீட்டிலேயே ஆடும் கன்சோலுக்கு மாற்றித் தரும்படி ஒரு கம்பெனி கேட்டது. வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று அத்தான் வேலையை அந்த மகனுக்கு, அதாவது அக்காவின் தம்பிக்கு, வாங்கிக் கொடுத்தார். தம்பி கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. அந்த நினைப்பு அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, அதுதான் சங்கடம். அத்தானின் புரோகிராமை வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தவன், ஓர் இடத்தில் சில வரிகள் எந்த வேலையும் செய்யாமல் சும்மா எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். திரையில் குண்டு பெருகினால் அவை இன்னும் கூடுதலாக எண்ணும், அந்த அளவுக்கு கேம் தாமதமாகும். மெஷினுக்கு மூச்சு வாங்கவில்லை. வாங்கும்படி அத்தான் சொல்லி வைத்திருக்கிறார். அத்தான் வீண் வரி ஒன்றுகூட எழுதாதவர் என்பது தம்பிக்கு நன்றாகத் தெரியும். ஏன் என்று கேட்க இரண்டு தெரு நடந்தால் போதும். நடக்கவில்லை. அத்தானே விட்ட ஓட்டையை நான் அடைத்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை காலைக் கட்டிப்போட்டது. வரிகளை எடுத்துப் போட்டான். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது, கம்பெனி மேனேஜர் முதுகில் தட்டினார், பத்திரிகைகள் பாராட்டின. எடுத்துப் போட்ட நிதானம் போக்கிடமில்லாமல் அவன் வேலை செய்த பின்னறையிலேயே தங்கிவிட்டது.

கடைத்தெரு மெஷினும் அன்றோடு மூச்சு வாங்குவதை நிறுத்தியது. யாரும் அதைத் தொடவில்லை. இருந்தது ஒரே நிதானம், அது இடம் மாறிவிட்டது. அக்கா வீட்டில் ஆடினாள், தோற்றாள். கடையில் ஆடினாள், அங்கேயும் தோற்றாள். கேம்மீது அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. "சூப்பரா பண்ணியிருக்கடா. எனக்குத்தான் கை போயிடுச்சு" என்று அம்மா வீட்டுக்கு வந்து தம்பியின் எதிரில் உட்கார்ந்து அழுதாள். போர்டில் எழுதும்போது எழுத்து நடுங்கத் தொடங்கியது. வருஷ முடிவோடு வேலையை விட்டுவிடுவதாகப் பள்ளியில் சொல்லிவிட்டாள். தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு அது குறுகுறுப்போடு நிற்கவில்லை.

தெருவுக்கோ பின்னறை வரப்பிரசாதமாகிவிட்டது. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் சின்னச் சின்னத் திருகாணிகளை அங்கே வந்து கொட்டிப் பிரித்தார். எதிர்வீட்டுக்காரி கண்ணாடிச் சாமான்களை அங்கேதான் கழுவினாள். வீட்டுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு வசதி வாடகையில் சேராது என்று முனகிவிட்டுப் போனார். ஒவ்வொருவரும் தம்பியை வாழ்த்திவிட்டுத்தான் போனார்கள். ஒவ்வொரு வாழ்த்தும் அக்காவிடமிருந்து பறித்துத் தனக்குக் கொடுத்ததாக அவனுக்குப் பட்டது. எடுத்த வரிகளைத் திரும்ப எழுதிச் சேர்த்துப் பார்த்தான். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். வரிகள் ஒழுங்காக எண்ணின, கேம் வேகம் குறையாமலே ஓடியது. கடைசியில் அந்த இரண்டு தெருவை நடந்தான்.

அத்தான் ஒரு மெஷினின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை.

"கேக்கணும்னு தோணலையா மச்சான்?"

"தோணுச்சு அத்தான்."

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா என்று தம்பி கேட்டான்.

"என்னன்னு சொல்லுவ? இத்தனை வருஷம் நீ ஜெயிக்கல, உன் புருஷன் விட்டுக்குடுத்தான்னா? அதுக்குக் கை போச்சுன்னு நெனச்சுக்கறதே மேல்."

ஆனாலும் அடுத்த சனிக்கிழமை அக்காவைக் கன்சோலோடு வரச் சொல்லி, பின்னறையில் டிவியை வைத்து, ஒரே ஒரு தடவை ஆடிப் பார் என்று கெஞ்சினான். அவள் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தாள். ஐந்தாவது கட்டத்தில் குண்டுகள் திரையை மூடியபோது அறை இழுத்தது. ஜன்னலுக்கு உள்ளே ஆடிக்கொண்டிருந்த திரைச்சீலைகளும் சேர்ந்து இழுத்தன. அவள் கை யோசித்து, புரிந்துகொண்டு, கப்பலை நகர்த்தியது. ஜெயித்தாள். அம்மா கைதட்டினாள். அக்கா சிரிக்கவில்லை. திரைச்சீலையைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். கணக்கு டீச்சருக்கு இது பெரிய கணக்கில்லை.

"கன்சோல் என் வீட்டுது. கையும் அதே கை. அப்ப இந்த ரூம்தான். இங்க இருக்கறது முன்ன எங்கடா இருந்துச்சு?"

தம்பி சொன்னான். யார் வைத்தது, யார் எடுத்தது, தெரிந்தே எடுத்தது, கேட்காமல் விட்டது, ஒன்றையும் மறைக்கவில்லை.

"வெச்சவர் வெச்சாரு. ஏணி வெச்சு ஏறினா ஏறினது நான் இல்லையா? ஆனா நீ... கை போச்சுன்னு நான் அழுதப்ப எதிர்லதானே உக்காந்திருந்த?"

எழுந்து அவனை அறைந்தாள். இடக்கையால்தான். கை கிளம்பி வருவதை அம்மா பார்த்தாள், தம்பியும் பார்த்தான்; விலகிக்கொள்ள வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. அவன் விலகவில்லை. அடி அவ்வளவாக வலிக்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான்.

அக்கா வேலையை விடவில்லை. வீட்டுக்குப் போய் அத்தானை என்ன கேட்டாள் என்று தெரியாது. கடையை அன்று சீக்கிரமே பூட்டினார் என்பது மட்டும் தெருவுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் பின்னாளில் புதிதாகக் குடிவர விசாரித்தவர்களிடம், காற்றோட்டமான வீடு, தண்ணீர் வசதி உண்டு, பின்னறை மட்டும் கொஞ்சம் நிதானம் என்று சொல்லி வைத்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பியும் அம்மாவும் அங்கே இருந்தவரைக்கும் அக்கா சனிக்கிழமைதோறும் வந்து ஆடினாள். தம்பி கதவைத் திறந்துவிட்டு வெளியே நிற்பான். உள்ளே கூப்பிட்டால் போகலாம் என்றுதான் நிற்பான். அவள் கூப்பிடப் பல வருஷமாயிற்று.