மூன்று காதுகுத்துக்கு ஒரே மாமன்

எங்கள் ஊரில் ஒரு ஆள் ஒரே நாளில் மூன்று இடத்துக்குப் போகவேண்டி வந்தால், மூன்று படம் கழுவி அனுப்பிவிடுவது வழக்கம். படம் பஸ் ஏறிப் போகும், பந்தியில் உட்காரும், கேட்டதற்குப் பதில் சொல்லும், சாயங்காலம் திரும்பி வரும். வந்ததும் தட்டில் கரைத்து, மாமனாகப் போய்வந்ததை மாமன் பாட்டிலிலும் சம்பந்தியாகப் போய்வந்ததைச் சம்பந்தி பாட்டிலிலும் ஊற்றிவிட வேண்டும்.

சாதாரணப் படம் இதற்கு ஆகாது, காற்றுக்கு வளையும். லித் என்கிற முறையில் கழுவின படத்தில்தான் கறுப்பு கெட்டியாக விழும், மடியில் பிள்ளையை வைத்தாலும் தாங்கும். ஆனால் அந்த லித் டெவலப்பர் மருந்து இருக்கிறதே, அது ஒரு தடவை செய்ததை மறுதடவை செய்யாது. முதல் படம் சிரித்த முகமாக வரும். அதே நெகட்டிவில் அடுத்தது சிடுசிடுவென்று வரும். ஒரே மாதிரி மூன்று எடுக்கிற கை எங்கள் பக்கத்தில் சூசைமேரியின் கை ஒன்றுதான். அவளுடைய இருட்டறையில் தட்டை ஆட்டுகிற வேலை எனக்கு.

மந்திரமூர்த்தி பக்கத்து எடைமேடையில் லாரிக்கு எடை போடுகிறவன். அவனுக்கு மூன்று தங்கச்சிகள். கோவில்பட்டி, சாத்தூர், ஏரல். மூன்று வீட்டிலும் ஒரே முகூர்த்தத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் நேரில் போனால் ஓரவஞ்சனை ஆகிவிடும் என்று, அவன் எங்கேயும் போவதாக இல்லை.

“அக்கா, இம்மி வித்தியாசம் வந்தாலும் போச்சு. மூணு பேரும் போன்ல ஒத்துப் பாப்பாளுக. ‘அவளுக்குச் சிரிச்ச அண்ணன், எனக்கு மொறச்ச அண்ணனா’ன்னு ஒருத்தி ஆரம்பிச்சான்னா, சாகுற வரைக்கும் என் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டா.”

“ஒரு தரம் பாக்கவே முடியாத மூஞ்சி. மூணு தரம் பாக்கணுமேன்னு நான் கெடக்கேன். நீ டூட்டிக்குப் போலே,” என்றாள் சூசைமேரி.

புது டெவலப்பருக்கு மாமன் என்றால் யாரென்றே தெரியாது. அதனால் பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, பழைய மாமன் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றுவோம். காகிதத்தை உள்ளே விட்டால் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியாது. பிறகு கண்மணியில் ஒரு புள்ளி. அந்தக் கறுப்பு பக்கத்துக் கறுப்பைக் கூப்பிடும், அது அடுத்ததைக் கூப்பிடும், அப்புறம் எல்லாம் ஓட்டமாக ஓடி வரும். ஒரு நொடி தாமதித்தாலும் முகம் கரிக்கட்டைதான்.

“கடிகாரத்தப் பாக்காதிய அண்ணாச்சி, மீசையப் பாருங்க,” என்பாள். மீசை நுனி கறுத்து, காதுமடல் கறுக்காமல் நிற்கிற அந்த நொடியில் உருவி எடுத்துவிடுவாள். என்ன கண் அது!

இரண்டு படம் அச்சு அசலாக வந்தன. டெவலப்பர் களைத்துவிட்டது. ஒரு டம்ளர் இறைத்துவிட்டு, புதுசும் பழசும் கொஞ்சம் சேர்க்கச் சொன்னாள். பாட்டில்களில் பெயரைச் சிவப்பு மையால் எழுதியிருந்தோம். இருட்டறையின் சிவப்பு விளக்கில் சிவப்பு மை தெரியாது. ஆகவே நான் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பேன். மாமன் களகளவென்பான், சம்பந்தி செருமுவார். அன்றைக்கு மழை, மாமனுக்கும் சளி. இரண்டும் செருமின.

மூன்றாவது படம் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தது. “வாங்கன்னு ஒரு வார்த்த சொல்ல ஆளில்ல இங்க,” என்றது.

“சம்பந்திய ஊத்திட்டியளா அண்ணாச்சி?”

“செருமல் ஒண்ணு போல இருந்துச்சு தாயி.”

“சரி.”

வேறு காகிதம் இல்லை. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவள் மூன்றாவதைத் திருத்தப் பார்க்கவில்லை. நன்றாக வந்த இரண்டையும் சேர்த்து மூன்றையுமே வெளுக்கிற மருந்தில் போட்டாள். முகங்கள் போய்க் கண் நிழல் மட்டும் நின்றது. பெரிய தட்டில் மாமன் பாதி, சம்பந்தி பாதி ஊற்றி, மூன்றையும் ஒன்றாக இறக்கினாள். மூன்று மீசையையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போதும். எந்திரிங்கலே.”

மூன்றும் ஒரே நொடியில் எழுந்தன. எடைமேடையில் ஏற்றினோம், குண்டூசி எடை பிசகவில்லை. மூன்றுக்கும் ஒரே அளவு முறைப்பு.

மத்தியானம் கோவில்பட்டித் தங்கச்சி போன் செய்தாள். “அண்ணன் வந்ததும் வராததுமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டான். ரெண்டாந்தரம் பாயாசம் ஊத்துன பொறவுதான் பேசினான். இப்பத்தான் வீட்டுக்கு மாமன் வந்த மாதிரி இருக்கு.” மற்ற இருவரும் எழுத்துப் பிசகாமல் அதையே சொன்னார்கள்.

சாயங்காலம் மூன்றும் திரும்பின. நல்ல சேதி கேட்டு மந்திரமூர்த்தியும் வந்து சேர்ந்தான். நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். யாரையும் நாங்கள் வாங்க என்று சொல்லவில்லை, நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். சூசைமேரி மீசைகளைப் பார்த்தாள், காதுமடல்களைப் பார்த்தாள். எடை போட்டும் பார்த்தோம், நாலும் ஒன்றுதான். அப்படி ஒரு கைவேலை.

ஒவ்வொருவராகத் தட்டில் இறங்கச் சொன்னாள். நாலும் கரைந்தன. மாமன் பாட்டில் கழுத்து வரை நிறைந்தது.

மறுநாள் காலையில் எடைமேடையிலிருந்து ஆள் வந்து, டூட்டிக்கு மந்திரமூர்த்தியைக் காணோமே என்றான்.

“ஒரு பதினஞ்சு நிமிசம் உக்காருங்க,” என்றாள் சூசைமேரி. நான் தட்டை ஆட்டினேன்.