நீர்மாலைக்குத் தண்ணீர்

பிரதீபன் பித்தளைக் குடத்தை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியின் கீழ் வைத்தான். அதே லயத்து வரிசையில் குடியிருக்கும் கந்தையா அதைக் காலால் தள்ளிவிட்டார். குடம் உருண்டு வடிகான் ஓரத்தில் போய் நின்றது. தப்பு மேளம் அடித்தவர் கையை நிறுத்திக்கொண்டார்.

"இது செத்த வீட்டுக் குடம் மாமா," என்றாள் கோகிலா. பிள்ளைகளான அவளும் பிரதீபனும் கொண்டு வரும் நீர்மாலைத் தண்ணீரில்தான் அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும்.

"தெரியும். ஒங்கப்பன் வளத்த மரம் குடிச்ச மிச்சந்தான் இந்த நூலு மாதிரி வர்றது. இதுல அவனக் குளிப்பாட்டணுமா? அந்த மரத்தப் போய் புழிஞ்சு எடுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரும் அதட்டவில்லை.

மேல் சரிவில் ரப்பரை வெட்டிவிட்டுத் தோட்ட நிர்வாகம் கட்டுப்பொல் போட்டபோது, நாற்றுமேடை அப்பா பழனியாண்டியின் பொறுப்பில் இருந்தது. கறுப்புப் பைகளில் அந்த எண்ணெய்ப்பனைகளை வளர்த்து மேலே ஏற்றியவர் அவர்தான். பிறகு ஊற்று சுருங்கியது. லயத்து ஆட்கள் தோட்டத் துரையிடம் போய் நின்றார்கள். துரை மாற்றலாகிப் போனார். பழனியாண்டி மட்டும் அதே லயத்தில் இருந்தார். அரசாங்கத் தடை வந்து பாதி மரங்களைப் பிடுங்கிய பிறகும், மிச்சம் நின்றதை ஞாயிறு தவறாமல் பார்க்கப் போனார். காய்ந்த மட்டைகளைக் கழிப்பார். அடிமரத்தைத் தொட்டுப் பார்ப்பார். நேற்று அங்கேதான் விழுந்து கிடந்தார்.

"எம் பொஞ்சாதி ஆத்துத் தண்ணி தூக்கியாந்து வழுக்கி இடுப்ப ஒடிச்சுக்கிட்டா," என்றார் கந்தையா. "வந்து ஒரு வார்த்த கேட்டானா ஒங்கப்பன்? மரம் பாக்கப் போயிட்டான்."

அது உண்மை. கோகிலாவுக்கு அந்த ஞாயிறு நினைவிருந்தது.

அவள் கம்பஸில் தாவரவியல் படித்தவள். மரம்தான் குடித்தது என்று இந்தச் சரிவின் நிலத்தடி நீரை யாரும் அளந்து பார்த்ததில்லை என்று அவரிடம் வாதாடலாம். வாயைத் திறந்தாள்.

"ஒரு கொடம் போதும் மாமா."

"ஒரு சொட்டு கெடையாது புள்ள."

பிரதீபன் கையை ஓங்கினான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஆற்றில் மாணிக்கம் தோண்டும் குழிகளின் சேறு ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் அப்பாவின்மேல் படக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பிரதீபன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு தெரணியகலை ரோட்டுக் கடைக்குப் போனான். திரும்பி வந்து பெரிய தண்ணீர்ப் போத்தல்களை வாசலில் இறக்கினான்.

அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மா இலட்சுமி எழுந்து வந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐஸ் மாதிரி இருக்கேடா."

"வெளிய வச்சது முடிஞ்சிருச்சாம், அம்மா. பிரிட்ஜில இருந்ததத்தான் முதலாளி குடுத்தாரு."

"அவருக்குச் சில்லுன்னு இருந்தா ஆகாது."

"அம்மா, இப்ப போயி..."

"ஆகாதுன்னா ஆகாது."

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. பக்கத்து வீட்டார்தான் சுட வைத்துத் தர வேண்டும். லயத்தில் மற்ற எல்லாக் கூரைகளிலும் புகை எழுந்துகொண்டிருந்தது. கோகிலா ஒரு போத்தலை அணைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் காம்பராவுக்குப் போனாள். அவள் படியில் கால் வைக்கும் முன் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதற்கடுத்த கதவு முன்பே சாத்தியிருந்தது. மூன்றாவது, கந்தையாவின் வீடு. திறந்த கதவருகே அவர் மனைவி ஊன்றுகம்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கோகிலாவையும் போத்தலையும் பார்த்தாள். பிறகு கம்பின் நுனியால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

கோகிலா திரும்பி வந்தாள். போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் வெயில் விழுந்த இடத்தில் வரிசையாக வைத்தாள். வெயில் மெலிதாகத்தான் இருந்தது. தப்புக்காரர் பீடி பற்ற வைத்தார். தெரணியகலையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று மணி பார்த்தார்கள்.

"என்னா, பொணத்த உள்ள வச்சிக்கிட்டுப் போத்தலுக்கு வெயில் காட்டுறீங்களா?" பீலிப் பக்கமிருந்து கந்தையா கத்தினார்.

பிரதீபன் எழுந்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

மேகம் ஒன்று வந்து விலகியது. கோகிலா குந்தியிருந்து, நிழல் விழுந்த பக்கம் வெயிலுக்கு வரும்படி ஒவ்வொரு போத்தலாகத் திருப்பி வைத்தாள்.

"ஆச்சாடி?" உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

அவள் முதல் போத்தலில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் இல்லம்மா."