மாவில் எழுதிய மரம்

உயிரோடிருந்தவரை மஸீனாவுக்குக் கடைத்தெருவைக் காட்டாத புருஷன், மவுத்தாகியும் அவளைப் பூட்டித்தான் வைத்தான். புருஷன் போனபின் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் பெண் வாசல் தாண்டக் கூடாது. அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. மாத்தளை டவுனில் பல் கட்டும் சீனரின் மனைவி மெய் மட்டும் வந்து போவாள். இருவருக்கும் பேச்சு சிங்களத்தில்.

இன்று சுளகில் கிடந்த அரிசிமாவில் மெய் ஒரு சீன எழுத்தை எழுதினாள். மூன்று பக்கம் சுவர், நடுவில் கிளையும் வேருமாக ஒரு மரம்.

"வளர இடமில்லாத மரம். சிக்கிக்கிட்டவங்க, வறுமைப்பட்டவங்க, களைச்சுப் போனவங்க, எல்லாருக்கும் எங்க ஊர்ல இந்த எழுத்துத்தான்."

"கீழே திறந்துதானே இருக்கு?" மஸீனா சிரித்தாள். நாளை இத்தா முடிகிறது. நாவுல டவுனில் சிநேகிதியோடு தையல்கடை போடப் போகிறாள்.

"இன்னும் முடியல. மரத்தை உள்ளே வச்சிட்டுத்தான் அடிக்கோட்டைப் போட்டு மூடுவோம்."

அப்போது திரைக்கு வெளியே அவளுடைய அண்ணன் லாபிர் நானா தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, வார வெள்ளிக்கிழமை ஒனக்கு நிக்காஹ். மாப்பிள்ளை முத்தலிப் ஹாஜியார். ஒன் சம்மதத்தையும் நானே சொல்லிட்டேன்."

மெய் விரலை நீட்டுமுன், மஸீனாவே அந்தக் கடைசிக் கோட்டை இழுத்தாள்.