முன்கதவுக்குக் கொஞ்சம் மெழுகு

லிபெராத்தா தோளைக் கொடுத்து முன்கதவை மூன்றாவது தடவையாகத் தள்ளினாள். உள்ளேயிருந்து அவள் தம்பி அனஸ்தாசு கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். கதவு அசையவில்லை; அவள் தோள்தான் வலித்தது. ஓட்டிலிருந்து வழிந்த மழை அவளுடைய கறுப்புக் கவுனை முதுகோடு ஒட்டவைத்திருந்தது.

மணி ஒன்றரை. மட்காவ் ஆஸ்பத்திரிக் குளிரறையிலிருந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது. நாலு மணிக்குப் பாதிரியார் வருவார், செபம் சொல்வார், தண்ணீர் தெளிப்பார். அதன்பிறகு கால் முன்னால் வர, முன்வாசல் வழியாக அப்பா கோயிலுக்குக் கிளம்பவேண்டும். அந்த ஊரில் எவ்வளவு இல்லாதவன் செத்தாலும் முன்வாசல் வழியாகத்தான் போவான்.

ஜூன் முதல் வாரம் மழை பிடித்ததுமே இந்தப் பலாமரத்து இரட்டைக் கதவு ஊறி, உப்பி, நிலையோடு இறுகிக்கொண்டது. ஐந்து வாரமாக எல்லாருக்கும் சமையலறைக் கதவுதான். அப்பா கயித்தானுக்கு அது பெரிய மானப்பிரச்சினை. "இது மீன்காரி வர்ற வழி. உயிரோட இருக்கறவரைக்கும் குனிஞ்சு போறேன். செத்தா இந்த வழியா போகமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று ஜூனிலேயே சொல்லியிருந்தார். சரி, சரி, முன்வாசல் வழியாகவே அனுப்புகிறேன் என்று மீனைக் கழுவிக்கொண்டே அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். எண்பத்திமூன்று வயதில் மாடிப்படி ஏறுகிற மனிதர் அடுத்த மாதமே அதைக் கேட்பார் என்று யார் நினைத்தது?

அனஸ்தாசு கையை உதறிக்கொண்டு சமையலறை வழியாகச் சுற்றி வந்தான். மஸ்கட்டிலிருந்து காலையில்தான் வந்து இறங்கியிருந்தான். வந்ததும் அப்பாவின் அறைக்குள் போனவன், ஜன்னலைச் சுற்றிப் படர்ந்திருந்த பூஞ்சையைப் பார்த்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்போதிலிருந்து சொல்லவேண்டிய எதையோ வாயில் அடக்கிக்கொண்டு சுற்றினான். இப்போது துப்பிவிட்டான்.

"அந்த ரூம்ல ஒரு நாய் படுக்குமா அக்கா? செவுரெல்லாம் கறுப்பா பூத்துக் கெடக்கு. அதைத்தானே ராப்பகலா மூச்சு இழுத்திருக்காரு."

அந்த ஜன்னலே அவன் அனுப்பிய பணத்தில் வைத்தது. சிப்பித் தகடு பதித்த பழைய ஜன்னலைப் பெயர்த்துவிட்டு அலுமினியத்தில் நகர்த்துகிற ஜன்னல் வைத்தார்கள். சட்டத்துக்கும் செம்பாறைச் சுவருக்கும் நடுவில் விட்ட இடுக்கு வழியாக முதல் மழையிலேயே தண்ணீர் இறங்கியது. அவள் வருஷாவருஷம் பூஞ்சையின் மேலேயே வெள்ளையடித்தாள். ஆகஸ்டில் அது வெள்ளையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். முப்பது வருஷம் கப்பல் சமையலறையில் இருந்த அப்பா, கப்பலில் தண்ணீர் வெளியே இருக்கும், நம் வீட்டில்தான் உள்ளே இருக்கிறது என்பார். தினமும் காலையில் சமையலறையிலிருந்து கள்ளு வினிகரைத் திருடிக்கொண்டு போய், துணியில் நனைத்து ஜன்னல் ஓரத்துப் பூஞ்சையைத் துடைப்பார். மே மாதம் வாங்கி வைத்த வினிகர் ஜூலையிலேயே அடியைத் தொட்டுவிட்டது என்று அவள் கத்துவாள். செவ்வாய்க்கிழமையும் கத்திவிட்டுத்தான் சந்தைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அந்த ஜன்னலடியில், கையில் துணியோடு கிடந்தார். துணி இன்னும் ஈரமாகவே இருந்தது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அனஸ்தாசுவுக்கு அந்தச் சுவர்தான் காரணம்; அவளுக்கும் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

இரண்டு மணிக்குத் தச்சன் புண்டலீக் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். அப்பாவோடு முப்பது வருஷப் பழக்கம். கதவைத் தட்டிப் பார்த்தான், தடவிப் பார்த்தான், நடுச்சட்டத்தைப் பெயர்த்தான். பின்னால் மரம் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. நடுவில் இரண்டு கதவும் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழே ரம்பம் விட்டால்தான் வழி என்றான். பிறகு, "இந்த வருஷம் கயித்தான் மெழுகு தேய்க்கலையா?" என்று கேட்டான். "மே மாசமானா மெழுகுதிரியக் கையில வெச்சிக்கிட்டு உக்காந்துடுவாரே."

"தேய்க்கல" என்றாள்.

வண்டி ரெண்டரைக்கு வந்துவிட்டது. மழை வலுத்திருந்ததால் ஓட்டுநர் நிற்கமாட்டேன் என்றார். வேறு வழியில்லாமல் பெட்டியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோனார்கள். துவைக்கிற கல்லைச் சுற்றி, குறுகலான கதவில் ஒருபக்கம் சாய்த்து, மீன் சட்டிகளைத் தாண்டி அப்பா தன் வீட்டுக்குள் வந்தார். லிபெராத்தா அடுப்பு மேடையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. கூடத்தில் பெட்டியை இறக்கித் திறந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் செபமாலையைத் தொடங்கினார்கள். செபத்துக்கு நடுவில் ரம்பம் இழுபட்டது.

மூன்று மணிக்கு ரம்பம் பாதிக் கதவில் நின்றுபோனது. ஈர மரம் ரம்பத்தின் பல்லைக் கவ்விக்கொண்டது. புண்டலீக்கும் அனஸ்தாசுவும் மாறி மாறி இழுத்தார்கள். மூன்றேகால், மூன்றரை. செபம் சொல்கிற பெண்கள் கடவுளைவிடக் கதவைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

அனஸ்தாசு அவளைத் தனியே கூப்பிட்டான். "வந்த வழியாவே போகட்டும் அக்கா. செத்தவருக்கு எந்தக் கதவுன்னு தெரியப்போகுதா?"

"எனக்குத் தெரியும்" என்றாள்.

புண்டலீக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ரம்பத்துக்குத் தடவ மெழுகு இருந்தால் நகரும் என்றான். பெட்டியைச் சுற்றி எரிந்த திரிகள் அடக்க ஏற்பாடு செய்கிறவர் கொண்டுவந்தவை. வெளியே வெள்ளைக் குழல், உள்ளே எண்ணெய். வீட்டில் மெழுகு என்று ஒன்றுதான் இருந்தது.

அவள் மாடிக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். பிப்ரவரி இரண்டாம் தேதித் திருநாளில் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுதிரி பழைய செய்தித்தாளுக்குள் இருந்தது. தாளில் பூஞ்சை பூத்திருந்தது. திரி சுத்தமாக இருந்தது. இடி இடித்தால் ஏற்றுவது, சாகிறவர் கையில் பிடிக்கக் கொடுப்பது. பழைய துண்டுகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்ததால் இந்த மே மாதம் அப்பா இதைக் கேட்டார், கதவுக்குத் தேய்க்க. "இது உங்க கடைசி நேரத்துக்கு. கதவுல தேய்ச்சு வீணாக்காதீங்க" என்று அவள் பூட்டி வைத்துவிட்டாள். கடைக்குப் போய் இரண்டு ரூபாய்த் திரி வாங்கிக் கொடுத்திருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று மழை வந்துவிட்டது. கடைசி நேரத்திலும் அது அவர் கைக்குப் போகவில்லை. அவள் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள்.

கீழே வந்து அதைப் புண்டலீக்கிடம் நீட்டினாள். செபமாலை உருட்டிய விரல்கள் ஒரு மணியைத் தவறவிட்டன. அனஸ்தாசு அவள் கையைப் பிடித்தான்.

"அக்கா, இது மந்திரிச்சது. குழிக்குள்ள அவரோட வெக்கலாம்ல."

"அவர் இதைக் கதவுக்குத்தான் கேட்டாரு. நான்தான் குடுக்கல." அவள் திரியை இன்னும் முன்னால் நீட்டினாள். "விடுடா. நேரமாச்சு."

அவன் கையை எடுத்தான். புண்டலீக் திரியை நெற்றியில் ஒருதடவை தொட்டுக்கொண்டு ரம்பத்தின் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தான். அவன் சாமி வேறு என்றாலும் செய்தான். ரம்பம் முனகி, நகர்ந்து, பிறகு ஒரே சீராக இறங்கத் தொடங்கியது. பாதிரியாரின் குடை படலைத் தாண்டி வரும்போது கதவு இரண்டாகப் பிரிந்து, மழை வெளிச்சம் கூடத்துக்குள் விழுந்தது.

கயித்தான் நேராகப் போனார், சாயாமல், கால் முன்னால். நிலைப்படியில் ஈர மரத்தூளும் வெள்ளை மெழுகுச் சுருள்களும் கிடந்தன. தூக்கியவர்களில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மழை விட்டிருந்தது. முன்கதவை வெறுமனே சாத்திவிட்டுத்தான் போயிருந்தார்கள். அனஸ்தாசு சமையலறைப் பக்கம் சுற்றிப் போய்விட்டான். லிபெராத்தா முன்வாசலுக்கு வந்து, மத்தியானம் தள்ளிய நினைவில், முழு பலத்தோடு தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு சும்மா திறந்துகொண்டது. அவள் நிலைதடுமாறிக் கூடத்துக்குள் நாலடி ஓடி, பெட்டி வைத்திருந்த காலி பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரது?" என்று சமையலறையிலிருந்து தம்பி கேட்டான்.

அவள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். நடுவில் ஒரு விரல் இடுக்கு விழுந்திருந்தது. சுற்றிப் பார்த்தாள். பக்கத்து ஜன்னல் திட்டில் புண்டலீக் வைத்துவிட்டுப் போன மீதித் திரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அறுத்த விளிம்பில் கீழிருந்து மேலாகத் தேய்க்கத் தொடங்கினாள்.