கூண்டுக்குள்ளிருந்து ஒரு கேள்வி

அருள்மலருக்கு அன்று காலையிலிருந்தே கால் தரிக்கவில்லை. மேற்கு லண்டன் நீதிமன்றம் ஒன்றின் கீழ்த்தளத்தில், காவலறைகளுக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள். தமிழ் மொழிபெயர்ப்பாளராக அவள் இங்கே வரத் தொடங்கிய காலத்தில் போலிக் கடவுச்சீட்டு வழக்கு அபூர்வமாகத்தான் வரும்; ஒரு ஆளுக்கு ஒரு காலைப்பொழுதையே ஒதுக்குவார்கள். இலங்கையில் சண்டை மீண்டும் மூண்ட பிறகு, விமான நிலையத்தில் பிடிபடுகிறவர்கள் வாரத்துக்கு வாரம் கூடினார்கள். நீதிபதிகள் கூடவில்லை. இந்த 2007இல், வாங்கிய தேநீர் ஆறுவதற்குள் ஒரு வழக்கு முடிந்துவிடுகிறது. எல்லாரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் அவள் வாயால்தான் வெளியே வந்தது. மோர்டனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் ரயிலிலும் அது அவளுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும்.

அன்றைய ஆள் செபஸ்தியாம்பிள்ளை. மன்னார்க்காரர், அறுபதைத் தாண்டியவர். கனடாவில் இருக்கும் மகளிடம் போகும் வழியில், வேறொருவருடைய கடவுச்சீட்டோடு பிடிபட்டிருந்தார். அவருக்காக வந்த இளம் சட்டத்தரணி ஒரு கட்டுக் கோப்புகளை அணைத்தபடி, நின்றுகொண்டே பேசினான். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும், வழக்கும் இன்றைக்கே முடியும் என்றான். அருள்மலர் அதைத் தமிழில் சொன்னாள்.

"என்ர மகனை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது, பிறகு என்னையும் தேடி வந்தது... அதொண்டும் இவையளுக்குத் தேவையில்லையோ?"

அதை அகதி விண்ணப்பத்தில் சொல்லலாம் என்று பதில் சொல்லிவிட்டு அவன் அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் பெரியவருக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். நீதிமன்ற எழுத்தர் குற்றச்சாட்டை வாசித்து, ஒப்புக்கொள்கிறாரா இல்லையா என்று கேட்டார். பெரியவர் அவள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் எங்கட ஆள். உயிருக்குப் பயந்து ஓடிவந்தது குற்றமோ? நான் என்ன சொல்லவேணும்? நீர் சொல்லும்."

இப்படி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். 'ஓம், இல்லையெண்டு மட்டும் சொல்லுங்கோ' என்று மெல்லிய குரலில் சொல்லிச் சமாளித்துவிடுவாள். மொழிபெயர்ப்பாளர் அப்படிச் சொந்தமாக எதையும் சொல்லவே கூடாது. ஆனால் வேலை நகர்ந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று அந்த வார்த்தைக்கு நாக்கு எழவில்லை. நீதிபதி பேனாவால் மேசையைத் தட்டினார்.

அருள்மலர் நீதிபதியின் பக்கம் திரும்பினாள். பெரியவர் சொன்னதை ஒரு சொல் விடாமல், 'நீர் எங்கட ஆள்' என்பதையும் சேர்த்து, ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னாள்.

நீதிபதி நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார். பிறகு சட்டத்தரணியிடம், இப்படிப் பிறர் கடவுச்சீட்டில் தப்பிவரும் அகதிகளுக்குச் சட்டத்தில் உள்ள பாதுகாப்பை இவருக்கு விளக்கினீர்களா என்று கேட்டார். அவனுடைய கழுத்து சிவந்தது. வழக்கு மதியத்துக்குத் தள்ளிப்போனது.

படிக்கட்டில் அவன் அவளை மறித்தான். அவரிடமிருந்து ஒரு பதிலை வாங்கியிருந்தால் போதுமே என்றான். அவர் சொன்னதைச் சொல்வதுதான் என் வேலை என்றாள் அவள். இனி இந்தப் பக்கம் தன்னைக் கூப்பிடுவார்களோ என்ற யோசனை அதற்குள் தொற்றிக்கொண்டது.

காவலறையில் இந்தத் தடவை அவன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். ஊரில் என்ன நடந்தது என்று கேட்டான். செபஸ்தியாம்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதலில இருந்து சொல்லட்டோ?"

அவள் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள், ஒலிபெருக்கியில் அவனுடைய அடுத்த கட்சிக்காரரின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் பாதி எழுந்தான். பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு, மகனின் பெயரைச் சொல்லித் தொடங்கிவிட்டிருந்தார்.